பதினோரு பக்கம்

மழை அவளுக்கு ஒரு சாக்குதான். ஆவடி ஸ்டேஷன் எதிரில் இருந்த அந்த கைட் கடைக்குள் கவிப்பிரியா நனையாமல் ஒதுங்கினாள்... சரி. ஒதுங்கியவள் சும்மா நின்றாளா? குரூப் ஃபோர் பரீட்சை கைட்டின் இந்த வருஷத்துப் பதிப்பை எடுத்து, தன் பையிலிருந்த பழைய பதிப்போடு ஒத்துப் பார்த்து, மாறியிருந்த பக்கங்களை மட்டும் போனில் படம் பிடிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கம் முடிந்து இரண்டாவதற்குப் போகும்போது போனுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் ஒரு கை வந்து நின்றது.

நிமிர்ந்தாள். கோபப்பட வேண்டிய நேரத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த இரண்டு கண்கள்... பாழாய்ப்போன ஆம்பளைக்கு இவ்வளவு நீள இமை எதற்கு என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

“இன்னாங்க, இது கடையா, ஜெராக்ஸ் மெஷினா?”

“பதினோரு பக்கந்தாங்க மாறிக்கீது. அதுக்குப் போயி முழு புக்கையும் வாங்கணுமா?”

அவன் பெயர் ஜெகதீஷ். மாமாவின் கடை. ஆள் வந்தால் கைட் விற்பான், வராவிட்டால் அதே கைட்டை உட்கார்ந்து படிப்பான். வருஷா வருஷம் சுடச்சுடப் புதுப் பதிப்புதான் படிப்பான். இரண்டு தடவை பரீட்சை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டிருந்தான். அது வேறு கதை.

அவள் கைட்டை வாங்கிப் புரட்டினான். பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்னச் சீட்டுகள். முப்பத்திரண்டு மாவட்டம் என்று அச்சடித்திருந்த இடத்தில் முப்பத்தெட்டு என்று எழுதி ஒட்டியிருந்தாள். கொஞ்சம் அசந்துதான் போனான். இருந்தாலும் விடுவானா? ஓர் இடத்தில் விரலை வைத்தான்.

“உங்க புக்குல ஆவடி இன்னும் நகராட்சிதான். நீங்க நின்னுகினு கீறது மாநகராட்சிங்க.”

கவிப்பிரியாவுக்குக் காது வரை சூடேறியது. ஊர் உலகத்தையெல்லாம் திருத்தியவள், பிறந்து வளர்ந்த ஊரை விட்டிருக்கிறாள்! வெடுக்கென்று புத்தகத்தைப் பிடுங்கினாள். அப்போதுதான் முன் அட்டைக்குள் எழுதியிருந்த பெயர்கள் அவன் கண்ணில் பட்டன. முதலில் லாவண்யா, அவளுடைய அக்கா. அடுத்தது கிருஷ்ணப்பிரியா, சித்தப்பா மகள். இருவரும் இதே புத்தகத்தைப் படித்து வேலைக்குப் போனவர்கள். பாஸ் பண்ணினால்தான் அட்டையில் பெயர் எழுதலாம் என்பது அந்த வீட்டு வழக்கம். ராசியான புக்கா இருக்கே, ஒரு நாள் இரவல் கிடைக்குமா என்று ஜெகதீஷ் கேட்டுப் பார்த்தான்.

“இது எங்க ஊட்டு ஆளுங்களுக்கு மட்டுந்தான். வெளியாளுக்குக் குடுக்க மாட்டோம்.”

மூன்றாவது பெயர் தன்னுடையதாக இருந்தே ஆக வேண்டும் என்று அவள் தவித்ததற்குக் காரணம் இருந்தது. அப்பா கோதண்டம் முடிவாகச் சொல்லிவிட்டார். இதுதான் கடைசித் தடவை, இதில் தேறாவிட்டால் திருத்தணி வரனுக்குத் தலையாட்ட வேண்டும். திருத்தணிக்காரர் நல்ல மனுஷன்தான். அவளுக்குத்தான் மனசு ஒட்டவில்லை.

கடைசியில் ஜெகதீஷ் ஒரு வழிக்கு வந்தான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படம் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கிடையாது. பத்தே நிமிஷத்தில் முடிகிற வேலைக்குப் பத்து நாள்... யாருக்காவது இது நியாயமாகப் படுமா? அவர்கள் இருவருக்கும் பட்டது. தினமும் பருத்திப்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவனும் தினமும் சரியாக அந்த நேரத்துக்குத் தலையைப் படிய வாரியிருந்தான். ஒரு பக்கம் எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. சமச்சீர் பாடப் புத்தகத்தில் ஆரம்பித்த பேச்சு சமோசாவில் வந்து முடியும். வீட்டுக்குப் போய்ப் படிக்க உட்கார்ந்தால் வரிக்கு நடுவே அந்தக் கண்கள்தான் வந்து நின்றன. போயும் போயும் ஒரு கடைக்காரனா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பதினோராவது பக்கம் எடுத்த அன்று அவள் அதைக் கவனித்தாள். புதுப் பதிப்பில் வரலாற்றுக் கேள்விகளை வரிசை மாற்றிப் போட்டிருந்தார்கள். கடைசியில் இருந்த விடைப் பட்டியலோ பழைய வரிசையிலேயே இருந்தது! அவள் புத்தகத்துக்கு அது அச்சாகப் பொருந்தியது, புதியதற்குப் பொருந்தவில்லை. ஜெகதீஷ் அதை வரி விடாமல் மனப்பாடம் செய்திருக்கிறானே என்று பதறிப்போய், கடையில் நாலு பேர் நிற்பதைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. “பழைய புக்குல ராசி பாத்துகினு கீறவங்க, புதுசுல குத்தம் கண்டுபுடிக்க வந்துட்டாங்க” என்றான். நாலு பேரும் சிரித்தார்கள்.

கவிப்பிரியா போனைப் பைக்குள் போட்டாள். கொட்டுகிற மழையில் இறங்கி நடந்தாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. புத்தகம் அவன் மேஜையிலேயே கிடந்தது. பரீட்சைக்கு ஐந்தே நாள். திரும்பிப் போய்க் கேட்கலாம்... ஆனால் அந்தச் சிரிப்புக்கு முன்னால் போய் நிற்பதா? திருத்தணியே தேவலை என்று வீம்பு பிடித்தாள். ராத்திரி முழுக்க அழுதாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம், பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பூங்காவில் யாரிடமோ வாங்கிய குறிப்புகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஜெகதீஷ். சாயங்காலத்தில் அங்கேதான் படிப்பாள் என்று அவளே எப்போதோ அவனிடம் சொல்லியிருந்தாள். கையில், பாலிதீன் கவரில் சுற்றிய அவள் புத்தகம். பள்ளிப் பாடப் புத்தகத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தானாம், அவள் சொன்னதுதான் சரியாம். கடையில் இருந்த அத்தனை பிரதியிலும் உட்கார்ந்து சரியான விடையைச் சீட்டில் எழுதி ஒட்டினானாம். வாங்கிப் போனவர்களைத் தேடிப் பிடித்துச் சொன்னானாம். அன்றைக்குச் சிரித்த நாலு பேரிடமும் தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டானாம்.

“அதுக்கப்புறந்தான் உங்க மூஞ்சில முழிக்கற தைரியம் வந்துச்சு. மன்னிச்சுக்கங்க...”

புத்தகத்தைப் பிரித்தாள். ஆவடிப் பக்கத்தில் ஒரு புதுச் சீட்டு. கோழிக் கிறுக்கல் எழுத்தில் ‘மாநகராட்சி’ என்று ஒட்டியிருந்தது. அவள் கோபம் அந்த இடத்தில் தீர்ந்துபோனது.

கவிப்பிரியா பாஸ் பண்ணினாள். அவனுக்கு மயிரிழையில் போனது. சரியான விடை தெரிந்திருந்தும், ஒரு வருஷம் மனப்பாடம் செய்த தப்பு விடைக்குத்தான் கை போனதாம். ரிசல்ட் அன்று போன் பண்ணினாள். “வாழ்த்துகள் மேடம்” என்று வைத்துவிட்டான். மேடமாம்! அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. அவள் சர்க்கார் உத்தியோகம், தான் கடைப் பையன் என்று தனக்குத்தானே ஒரு சுவரைக் கட்டிக்கொண்டான் என்பது அவளுக்குப் புரியாதா?

நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் கடைக்குள் போய் நின்றாள். அன்றைக்கு மழை இல்லை. சாக்கும் இல்லை. பையிலிருந்து அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அட்டைக்குள் மூன்றாவதாக அவள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே இடம் காலியாக இருந்தது.

ஜெகதீஷ் அதைத் தொடவில்லை. “இது... உங்க ஊட்டு ஆளுங்களுக்குத்தானே?”

“ஆமா. அதான் குடுக்கறேன்.”

அந்த நீள இமைகள் படபடத்தன... கலங்கியதை மறைக்க அவன் குனிந்துகொண்டான். பத்து நாளும் பக்கம் எடுக்க அவள் வரவில்லை என்றும், அவனைப் பார்க்கத்தான் வந்தாள் என்றும், அவனை அவ்வளவு பிடித்திருக்கிறது என்றும் அவளே சொல்லி முடித்தாள். தனக்கு முதல் நாளிலிருந்தே அப்படித்தான் என்று அவன் முணுமுணுத்தது பாதிதான் கேட்டது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

“உங்கப்பாவுக்குத் தெரியுமா?”

“சொல்லிட்டுத்தான் எடுத்தாந்தேன். ரெண்டு நாள் பேசல. இன்னிக்குக் காலைல, பாஸ் பண்ணினாத்தான் பேரு எழுதணும்னு அந்தப் பையன்கிட்ட சொல்லிடுன்னாரு.”

ஜெகதீஷ் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான். பாஸ் பண்ணுகிற வரைக்கும் பொண்ணு பார்க்க வரக்கூடாதா, அதையும் கேட்டாளா என்றான்.

“வரலாம்” என்றாள் கவிப்பிரியா. “ஆனா ஒரு நாளைக்கு ஒரு பக்கம்னு இழுக்காம, சீக்கிரம் வாங்க.”