பல்லிகள் ஓய்ந்த வீடு

பல்லிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

மழை சற்று ஓய்ந்த அந்தச் சாயங்காலம், சாயா கோப்பையோடு சமையலறை வாசலில் நின்றபோதுதான் ஸாதனாவுக்கு அது உறைத்தது. மட்டாஞ்சேரியின் அந்தப் பழைய மரத்தட்டு மாடி வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, ட்யூப்லைட் போட்டதும் சட்டத்தின் பின்னாலிருந்து இரண்டு மூன்று பல்லிகள் கத்திக்கொண்டே வெளியே வரும். இப்போது கதவிடுக்கு வழியாக நுழைந்த ஈசல்கள் விளக்கைச் சுற்றித் தாராளமாக மொய்த்துக்கொண்டிருந்தன. அவற்றைத் தின்ன எதுவும் வரவில்லை. கீழே கிடங்கிலிருந்து ஏறிவரும் சுக்கு வாசனையும், நாட்கணக்காகச் சாத்தியே கிடக்கும் ஜன்னல்களின் ஈர மர நெடியும் கலந்து, வீட்டுக்குள் அசையாமல் நின்றன. சாரல் அடிக்கும், ஜன்னலைத் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான் அவள் கணவன் ஷங்கர்.

மகள் மதுவந்தியைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையே அவன் இடக்கொச்சியில் தங்கை மீனாக்ஷி வீட்டுக்குப் போய்விட்டான். பள்ளிக்கு மழை விடுமுறை, குழந்தை அத்தையோடு இருக்கட்டும், ஆபீஸும் அங்கிருந்து பக்கம் என்றான். ஸாதனா மட்டும் இருந்து சிலந்திகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும்.

மேற்கு அறையின் உயரமான கண்ணாடிப் பெட்டிகளில் அவன் வளர்ப்பவை மரப்பொந்துகளில் வாழும் ராட்சதச் சிலந்திகள். கால் விரித்தால் உள்ளங்கையைவிடப் பெரியவை, பல்லியைக்கூடப் பிடித்துத் தின்பவை. கண் இமைப்பதற்குள் சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடும். கடித்தால் ஆள் சாவதில்லை. ஆனால் தசையெல்லாம் இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் துடிக்க வைக்கும் என்று அவனே சொல்லியிருக்கிறான். டார்ச் அடித்துச் சிலந்தி இருக்குமிடத்தைப் பார்க்காமல் பெட்டியைத் திறக்க மாட்டான். கையை உள்ளே விடவே மாட்டான், நீண்ட இடுக்கிதான். அந்தக் கவனத்தைப் பார்த்துத்தான் அவள் சம்மதித்தாள். ஒன்று தப்பினாலும் அந்த நிமிஷமே தன்னிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே அவள் நிபந்தனை. மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மேற்கு அறைக்குப் போனாள். பெரிய பெண் சிலந்தி, மரப்பட்டைக் குழலின் வாயில், வரிபோட்ட இரண்டு கால்களை வெளியே நீட்டியபடி இருந்தது. தினமும் காலையில் இதைப் பார்த்துத்தான் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டு போவாள். கண்ணாடியைத் தட்டினாள். மற்ற பெட்டிகளில் சரசரவென்று எல்லாம் உள்ளே ஓடி ஒளிந்தன. இது அசையவில்லை. மறுபடி தட்டினாள். பூட்டைத் திறந்து, இடுக்கியின் நுனியால் காலைத் தொட்டாள்.

கனமே இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. முதுகு மூடிபோலத் திறந்து கிடந்த, உரித்துப்போட்ட வெறும் தோல். அதன் கால் ஒன்று, வெள்ளைத் தையல் நூலால், மரப்பட்டையோடு பத்திரமாகக் கட்டப்பட்டிருந்தது.

அவள் ஃபோன் செய்தாள்.

"அது எப்போ போச்சு?"

அந்தப் பக்கம் டிவி சத்தம், மதுவந்தியின் சிரிப்பு. பிறகு ஒரு கதவு சாத்தும் ஓசை.

"எது?" என்றான் ஷங்கர்.

"நூல் கட்டி வெச்சிருக்கேளே, அது."

"சனிக்கிழமை. நீ பயந்துடுவே, பேடிப்பேன்னுட்டாக்கும் சொல்லலை. கேட்டயா, ஜன்னல் எல்லாம் சாத்தித்தானே இருக்கு? அப்போ வெளியில போயிருக்காது. கிட்டிடும்."

"இத்தனை நாளா இங்கே ஒத்தைக்கு ஒறங்கினேன்."

"அது மனுஷா கிட்ட வராதுடி. எங்கேயாவது மரப்பொந்தைத் தேடிப் போய் ஒளிஞ்சுக்கும்."

"குழந்தையை மட்டும் கொண்டுபோனயே நீ."

கல்யாணமான நாள் முதல் அவனை அவள் ‘நீ’ என்றதில்லை. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இன்னொண்ணு, ஸாதனா. அது முட்டைப்பையோட போயிருக்கு. இதுக்குள்ள விரிஞ்சு குஞ்சு வந்திருக்கும்."

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. போய்விட வேண்டும். பையை மட்டும் எடுத்துக்கொண்டு, இப்போதே. பை படுக்கையறையில் இருந்தது. கட்டில் தலைமாட்டில்.

படுக்கையறை இருட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றாள். மழைக்கு அடியில் வேறொரு சத்தம். காய்ந்த ஓலையை நகத்தால் வருடுவதுபோல. மெல்ல. நிறைய நகங்கள்.

சுவரோரமாகவே நகர்ந்தாள். கட்டிலின் ஈட்டி மரத் தலைப்பலகையில் ஒரு நீளமான வெடிப்பு உண்டு. அதற்குப் பக்கத்தில்தான் சுவிட்ச். கையை நீட்டினாள். ஃபோனில் அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

"லைட் போடாதே, ஓடிடும்."

போட்டுவிட்டாள்.

தலையணையில், நேற்று அவள் தலை அழுந்திய குழி அப்படியே இருந்தது. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ பொங்கி வழிந்தது. நூல்போன்ற கால்கள். நூறு. அதற்கும் மேல். குழியின் விளிம்பில் ஏறி, அவளுடைய தலைமுடி ஒன்றின் மேல் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. மேலே, பலகை வெடிப்பை மறைத்தபடி, தட்டையாக, தாய். முன்கால்கள் மெதுவாக உயர்ந்தன.

"கண்டுட்டயா?" என்றான் அவன். குரலில் ஆசை இருந்தது. "பெரிசா ஒரு டப்பா எடுத்து மூடு. அதை ஒண்ணும் பண்ணிடாதே, ஸாதனா. கொன்னுடாதே."

அவள் கண் இமைத்தாள்.

பலகையில் வெடிப்பு மட்டும் இருந்தது.

சுவிட்சில் இருந்த அவள் விரல்களின் மேல், பஞ்சுபோல, ஒன்றன்பின் ஒன்றாக, எட்டுக் கால்கள் ஊன்றின.