முதல் ஞாயிற்று மன்னிப்பு

"அண்ணி, ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க."

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் போதும், இதைச் சொல்வதற்கென்றே வினோதா அடுத்த தெருவிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். தவளக்குப்பம் சபையில் அன்று இயேசுவின் நினைவாக அப்பம் பகிரும் திருவிருந்து. வீட்டில் மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு அப்பத்தைத் தொடக் கூடாது என்பதில் பாஸ்டர் கண்டிப்பானவர். அதற்காகத்தான் இந்த மன்னிப்பு. மறுநாளே அதே வாய் அண்ணியைக் கிழிகிழி என்று கிழிக்கும்.

"பரவால்ல" என்று சொல்லி அனுப்பிவிடுவது கண்ணகியின் வழக்கம். இன்று முடியவில்லை. விடிந்ததும் மாமியார் செல்வாம்பாள் சொன்ன வார்த்தை நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது.

"இந்த மாசத்தோட உங்கம்மா வீட்டுக்குக் கெளம்பிடு. என் இடுப்ப ஒடச்சவ கையால இனிமே எனக்குச் சோறு வேணாம்."

அதைக் கேட்டும் புருஷன் விமல்ராஜ் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு சேதராப்பட்டு கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போய்விட்டான்.

போன வருஷம் செல்வாம்பாள் குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். அங்கே துணி துவைத்துவிட்டு, தரையை அலசாமல் போனவள் வினோதா. பழி விழுந்தது கண்ணகி மேல். "நான் இல்ல அத்தை" என்று அழுது பார்த்தாள், யார் கேட்டது? பிறகு வாயை மூடிக்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளினாள். ஆண்டவருக்குத் தெரியும் என்ற ஒரே தைரியம்தான்.

"எந்தத் தப்புக்கு மன்னிப்பு, வினோதா?"

"ஏதாவதுன்னு சொன்னேனே..."

"ஏதாவதுக்கெல்லாம் மன்னிக்க முடியாது. என்ன பண்ணேன்னு சொல்லிக் கேளு."

வினோதாவின் முகம் கறுத்தது. "பெரிய பரிசுத்தவாட்டி இவ. பாத்தியாம்மா, மன்னிப்பு கேட்டாகூட எகிறுறா."

"போறப்பகூட திமிரு அடங்குதா பாரு அவளுக்கு," என்றாள் செல்வாம்பாள் கட்டிலிலிருந்து.

மூவரும் ஒரே ஆட்டோவில் முகம் பார்க்காமல் சபைக்குப் போனார்கள். அப்பத்தட்டு வந்தது. வினோதா கையை நீட்டினாள். எடுக்காமலே தட்டைத் தள்ளிவிட்டாள். "எடுடி, மானத்த வாங்காத," என்று அம்மா பல்லைக் கடித்தாள். அவள் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் காலடியில் விழுந்தாள்.

"அம்மா... அன்னிக்கு சோப்புத் தண்ணிய அப்படியே விட்டுட்டுப் போனது நான்தான். பயந்துபோயி அண்ணி பேரச் சொல்லிட்டேன். மாசாமாசம் பொய்யா மன்னிப்பு கேட்டுட்டு அப்பத்தத் தின்னேன். இன்னிக்குக் கை போகலம்மா... உங்க மேல பழி போட்டதுக்கு மன்னிச்சிடுங்க அண்ணி."

செல்வாம்பாள் கைத்தடியை ஓங்கினாள். கண்ணகி குறுக்கே பாய, அடி அவள் முழங்கையில் விழுந்தது.

"அடிக்காதீங்க அத்தை. இன்னிக்குத்தான் இவ நெசமா மன்னிப்பு கேட்டிருக்கா." வினோதாவைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள்.

"அப்பவே ஏன்டி கத்திச் சொல்லல?" என்றாள் செல்வாம்பாள் மருமகளிடம்.

"சொன்னேன். நீங்க உங்க பொண்ணத்தான் நம்புனீங்க. அப்புறம் ஆண்டவர்கிட்ட விட்டுட்டேன்."

கிழவியின் உதடு கோணியது. "கண்ணகி... என்ன மன்னிச்சிட்டியா?"

கண்ணகி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னும் இல்ல அத்தை. பொய் சொல்ல மாட்டேன், மனசு கொதிக்குது. அதுக்குத்தான் ஜெபம் பண்ணிட்டிருக்கேன். மன்னிக்கிற மனச அவர் குடுப்பாரு."

"அதுவரைக்கும்?"

"இங்கதான் இருப்பேன். சாப்பிட வாங்க, மாத்திரை போடணும்."