ஒல்லிக் கட்டைவிரல்

“தாம்பூலத் தட்டுப் பக்கம் உம் பொண்ணு வரக் கூடாது, சொல்லிட்டேன்! அந்தக் கோணவெரல மாப்ள வூட்டுக்காரங்க பாக்கணுமா?”

விடிந்ததும் விடியாததுமாக அடுப்படி வாசலில் நின்று கத்தினாள் அஞ்சலாட்சி. அன்று அவள் மகள் ஜெயத்துக்கு நிச்சயதார்த்தம். சத்திரத்துக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் முதலியார்பேட்டையில் தம்பி இராமதாஸ் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். வேலை முழுக்கத் தம்பி மனைவி கொளஞ்சியின் தலையில்.

“சரி அண்ணி” என்றாள் கொளஞ்சி. இவளிடம் பேசி என்ன ஆகப்போகிறது!

கொளஞ்சியின் மகள் பார்வதி வலது கையில் இரண்டு கட்டைவிரலோடு பிறந்தாள். அந்த வருஷம்தான் இராமதாசுக்கு மில் வேலை நிரந்தரமானது. விரல் கொடுத்த வேலை என்று வெள்ளிதோறும் அதற்குக் குங்குமம் வைத்தார்கள். பென்சில் பிடிக்க முடியாமல் பிள்ளை அழுதது மட்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. கொளஞ்சிதான் வீட்டை எதிர்த்துக்கொண்டு, தனியாளாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள்.

“ரெண்டுமே அரை விரல்தாம்மா. ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணைச் சீராக்குவோம். ஒல்லியா இருக்கும், நுனி மடங்காது. ஆனா பிடிமானம் வரும்” என்றார் டாக்டர். அப்படியே வந்தது.

ஆனால் அடுத்த மாதமே மில்லைப் பூட்டினார்கள்! “நல்ல வெரல வெட்டிட்டு, சொத்தைய வச்சிக்கினு வந்தா” என்றாள் அஞ்சலாட்சி. அதை நம்பிய மகாபுத்திசாலி இராமதாஸ், மூன்று வருஷமாகப் பெண்டாட்டியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கூடத்தில் நிச்சயதார்த்தம் தொடங்கியதும், மாப்பிள்ளையின் அம்மா ஜெயத்தின் தலையில் இருந்த முல்லைச் சரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“இவ்ளோ நெருக்கமா யாரு கட்டினது?”

“எங்க ஜெயந்தாங்க!” அஞ்சலாட்சி கூசவேயில்லை.

இராமதாஸ் எழுந்தான். காலையில் கிணற்றடியில் பார்வதி உதிரிப்பூவை வைத்துக்கொண்டு, அந்த ஒல்லி விரலால் முடிச்சை அழுத்தி அழுத்திக் கட்டியதை அவன் நின்று பார்த்திருந்தான்.

“இல்லீங்க... எம் பொண்ணு கட்டினா.”

அஞ்சலாட்சிக்கு உடனே பாசம் பொங்கியது. “அடி என் தங்கம்! வாடி, தாம்பூலம் எடுத்துக் குடு!”

“வர மாட்டா அண்ணி” என்று மகளை அடுப்படிக்கு அழைத்துப் போனாள் கொளஞ்சி.

பின்னாலேயே வந்தான் இராமதாஸ். மகளின் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “கொளஞ்சி... நீ செஞ்சதுதான் சரி. நாந்தான் முட்டாப்பய...”

“அடுப்படியில வந்து அழுவறீங்களா? கூடத்துல போயி, உங்கக்கா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க!”

அவன் போனான். சொன்னான். தெருவரைக்கும் கேட்டது.

கொளஞ்சி மகளை வாரி அணைத்துக்கொண்டு, மூன்று வருஷத்தையும் சேர்த்து அழுதாள்.