ஊறிய மண்ணில் இறங்கிய முள்

ஏழாவது கிரீனின் நடுவில் எழும்பியிருந்த கொப்புளம் வெதுவெதுப்பாக இருந்தது.

கொப்புளம் எழும்புவதில் புதுமை ஒன்றும் இல்லை, கண்ணுகளா. கோல்ஃப் மைதானத்தில் கொடி நட்ட குழியைச் சுற்றிக் கம்பளம் விரித்த மாதிரி ஒட்ட வெட்டி வைத்திருக்கிற புல்தரைக்குத்தான் கிரீன் என்று பேர். மழை விடாமல் அடித்தால் அந்தப் புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே தண்ணீர் புகுந்துகொள்ளும். சுட்ட இடத்தில் தோல் எழும்புகிற மாதிரி தரை எழும்பும். இரும்பு முள்ளால் ஒரு குத்து குத்தி, காலால் பதமாக மிதித்தால் தண்ணீர் வெளியேறித் தரை படிந்துவிடும். இந்த மைதானத்துப் புல்லைப் பராமரிக்கிற புல்லுக்காரர் தலை நரைத்ததே இந்த வேலையில்தான். ஆனால் மேலேயிருந்து விழுகிற தண்ணீரும் குளிர்ச்சி, அது ஊறுகிற மண்ணும் குளிர்ச்சி. இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் வயிற்றைத் தொட்ட மாதிரி இருந்தது.

"என்ன அத்தான், தரைக்கு ஜுரமா? மாத்திரை வாங்கிட்டு வரட்டுமா?"

மணல் பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. மைதானத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களெல்லாம் அவன் பொறுப்பு. அதனால் எல்லாருக்கும் அவன் 'பம்பு'.

"வாயை மூடிட்டு உன் மோட்டாரைப் பாருடா."

"மோட்டாருக்கு என்ன, ஜம்முனு ஓடுது. வானத்துக் குழாய்க்குத்தான் வாஷர் தேஞ்சு போயிடுச்சு. ஏணி கொடுங்க, ஏறி மாத்திட்டு வரேன்."

சிரிப்பு வரவில்லை அவருக்கு. வாரக்கணக்கில் மழை. காலையிலும் விளக்குப் போட்ட மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம், மத்தியானத்தில் அதுவும் போய்விடும். மணல் பள்ளங்களெல்லாம் குட்டைகளாகி, கரை சரிந்து, வெள்ளை மணலும் செம்மண்ணும் குழம்பிக் கிடந்தன. வண்டிகள் ஏறக்கூடாது என்று கயிறு கட்டியாயிற்று. ரப்பர் பட்டை வைத்த நீளக் கட்டையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி இரண்டு பேருக்கும் தோள்பட்டை இற்றுவிட்டது. மணலைத் தூவினால் விழுங்கிவிட்டு இன்னும் கொடு என்று வாயைப் பிளந்தது தரை. மற்ற கிரீன்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டன. இந்த ஏழாவதுதான் அழுகிற பிள்ளை மாதிரி அடங்கவே இல்லை.

மேனேஜர் அம்மாள் குடையோடு வந்து, ஷூ நனையாத தூரத்தில் நின்று, "சனிக்கிழமை ஆட்டம் நடந்தே ஆகணும். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று வேலைக்காரனுக்குத் தெரியாதா?

அதனால்தான் அவர் செய்யக்கூடாததைச் செய்யத் துணிந்தார்.

புல் வேலையில் ஒரு விதி உண்டு. ஊறிய மண்ணில் முள்ளை ஆழமாக இறக்காதே. ஈர மண்ணில் முள் இறங்கினால் துளையின் சுவர் மெழுகினது போல் இறுகிப்போகும். தண்ணீர் வடிய வழி விடுவதற்குப் பதில் தண்ணீர் தேங்கக் குடம் செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். கொப்புளத்தைக் குத்துவது மேல்தோலோடு சரி. ஆழத்துக்கு இறக்குவதென்றால் மண் உலர்கிறவரை காத்திருக்க வேண்டும். இதை மச்சானுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

அவர் முள் யந்திரத்தை உருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் பம்பு கட்டையைக் கீழே போட்டான்.

"அத்தான், வேணாம். நீங்கதானே சொல்வீங்க..."

"சொன்னேன். இப்ப வேற வழி இருந்தா நீ சொல்லு."

"ரெண்டு நாள் பொறுக்கலாமே."

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் போனா என்ன, முழம் போனா என்ன?"

இருக்கிற முள்ளிலேயே நீளமானதை மாட்டி, இறங்குகிற மட்டும் இறங்கட்டும் என்று ஆழத்தை நிறுத்துகிற திருகாணியை முழுக்கத் தளர்த்தினார். யந்திரம் தடதடவென்று கிரீனின் குறுக்கே போய்வந்தது. ஒவ்வொரு குத்துக்கும் தரை சதைபோல அதிர்ந்தது. முதலில் மண் வாசனை வந்தது. அப்புறம், முள் கீழே எதையோ தாண்டி இறங்கினது போலக் கைப்பிடி ஒரு தடவை லேசாகத் துள்ளியது. அதற்குப் பிறகு வந்தது மண் வாசனை இல்லை. ஜன்னல் திறக்காத அறையில் யாரோ நெடுநேரம் தூங்கி எழுந்தால் ஒரு வாடை வருமே, அந்த மாதிரி. ஊத்தை வாய் மூச்சு மாதிரி.

யந்திரத்தை நிறுத்தினார். துளைகள் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரம்பிக் குமிழி விட்டது. சரி, காற்று வெளியேறுகிறது என்று நினைத்தார். பிறகு எல்லாத் துளைகளிலும் இருந்த தண்ணீர் ஒரே சமயத்தில் உள்ளே இழுபட்டது. உறிஞ்சுகிற சத்தம். மறுபடி ஒரே சமயத்தில் மேலே வந்தது. மறுபடி உள்ளே.

"வடியுது பாருங்க அத்தான்!" என்றான் பம்பு சந்தோஷமாக.

அவர் குனிந்து துளைகளைப் பார்த்தார். வடிகிற தண்ணீர் திரும்பி வருமா?

அந்த நேரம் பார்த்துச் சரிவுக்குக் கீழே மோட்டார் இருமி, விக்கி, நின்றுபோனது. மழைச் சத்தம் மட்டும் மிச்சம்.

"வடிகால் குழியில ஏதாச்சும் அடைச்சிருக்கும். ஒரு நிமிஷம், பாத்துட்டு வரேன்" என்று அவன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிப் போனான். கிரீனுக்கு அடியில் புதைத்திருக்கிற குழாய்களெல்லாம் போய்ச் சேருகிற இடம் அந்தக் குழி.

ஒரு நிமிஷம் என்றவன் வரவில்லை.

புல்லுக்காரர் ரப்பர் கட்டையைத் தள்ளிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் விழுகிற சத்தம், அவன் மோட்டாரைத் திட்டுகிற சத்தம், சினிமாப் பாட்டை அரைகுறையாகக் கொல்லுகிற சத்தம், ஏதாவது ஒன்று வரும் என்று. ஒன்றும் வரவில்லை. "டேய் பம்பு!" என்றார். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. "டேய்!"

இறங்கிப் போனார். குழியின் இரும்பு மூடி திறந்து கிடந்தது. விளிம்புவரை கறுப்புத் தண்ணீர். பக்கத்துச் சேற்றில் ஒற்றை ரப்பர் பூட்ஸ், யாரோ காலை மட்டும் உருவிக்கொண்டு போன மாதிரி, நிமிர்ந்து நின்றது. அதற்குள் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

ரப்பர் கட்டையை முழுசாகக் குழிக்குள் விட்டுத் துழாவினார். தட்டுப்படவில்லை. படுத்துக்கொண்டு தோள்வரை கையை விட்டார். தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீர்.

கல்யாணமான புதிதில் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவனைத் தம்பின்னு நினைக்காதீங்க. நம்ம மூத்த பிள்ளைன்னு நினைச்சுக்குங்க." தாய் தகப்பன் இல்லாமல் அவள் வளர்த்த பிள்ளை. வீட்டுக்குப் போய் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

"அத்தான்."

குரல் குழியிலிருந்து வரவில்லை. மேலேயிருந்து வந்தது. கிரீன் பக்கமிருந்து.

விழுந்து எழுந்து ஏறினார். கிரீனில் யாரும் இல்லை. கொடி மட்டும் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கொப்புளம் இடம் மாறியிருந்தது. வட்டமாக இருந்தது இப்போது நீளமாக இருந்தது. ஓர் ஆள் குப்புறப் படுத்து, தலையோடு போர்வை போர்த்திக்கொண்ட நீளம்.

"அத்தான்." புல்லுக்கு அடியிலிருந்து.

குழியிலிருந்து கிரீனுக்கு அடியில் வருகிற குழாய் ஒரு கை நுழைகிற அகலம்தான். ஆள் நுழைய முடியாது. குழாயைப் பதித்தவரே அவர், அவருக்குத் தெரியாதா? தெரியும். அந்த நினைப்பை நினைக்கவே விடாமல் தள்ளினார். மூச்சு முட்டுகிறவன் கூப்பிடும்போது கணக்குப் பார்க்கவா முடியும்?

இரும்பு முள்ளை ஓங்கினார். ஓங்கின கை நின்றுவிட்டது. குத்தினால் அவன் மேல் இறங்கும்.

மண்வெட்டியும் வேண்டாம். குழி வெட்டி! தள்ளுவண்டியில் இருந்தது. கிரீனில் புதுக் குழி போடுகிற உருளைக் கத்தி, வட்டமாக இறங்கி மண்ணைக் கட்டியாக அள்ளிவரும். கொப்புளத்தின் ஓரமாக, தோள் இருக்கும் என்று தோன்றின இடத்துக்குச் சற்று விலகி, வைத்துத் திருகினார். புல் அறுபட்டது. கட்டி வந்தது. ஆவி வந்தது.

"இருக்கேன்டா. இங்கதான் இருக்கேன். பயப்படாதே."

முழங்கைவரை கையை விட்டார்.

விரல்கள். ஐந்து விரல்கள். அவர் கையைப் பற்றின. சூடான, சேறு பிசுபிசுத்த, உயிருள்ள விரல்கள். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"பிடிச்சுக்கோ. விட்டுடாதே, கண்ணு. உன் அக்கா கேப்பா. விட்டுடாதே."

"விடல அத்தான்."

இழுத்தார். அந்தப் பக்கமும் இழுத்தது. இன்னும் பலமாக இழுத்தார். முட்டிகள் புல்லில் புதைந்தன.

"அத்தான்! என்ன பண்றீங்க அங்க?"

பின்னாலிருந்து.

திரும்பினார். சாமான் கொட்டகைப் பக்கத்துப் பாதையில் பம்பு நின்றிருந்தான். தோளில் கயிற்றுச் சுருள். ஒரு காலில் கறுப்பு பூட்ஸ், இன்னொரு காலில் எங்கிருந்தோ தேடிப் பிடித்த மஞ்சள் பூட்ஸ்.

"சேத்துல பூட்ஸு மாட்டிக்கிச்சு, வேற எடுக்கப் போனேன். கையில என்ன? மாட்டிக்கிட்டீங்களா?"

மண்ணுக்குள் விரல்கள் இறுகின. எலும்பு நொறுங்குகிற மாதிரி. மெதுவாக. நிதானமாக.

"வராதே!" என்று கத்தினார். "அங்கேயே நில்லுடா! கிரீன்ல கால் வைக்காதே!"

கண்ணுகளா, அத்தான் வலியில் கத்தும்போது நில் என்றால் நிற்கிற பிள்ளையா அவன்? கயிற்றை எறிந்துவிட்டு ஓடிவந்தான்.

கொப்புளம் நகர்ந்தது. அவரை நோக்கி இல்லை. அவனை நோக்கி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. கம்பளத்துக்கு அடியில் எலிகள் ஓடுகிற மாதிரி.

"ஐயோ, போடா! திரும்பிப் போ!"

முதல் காலை வைத்தான். மஞ்சள் பூட்ஸ். சத்தமே இல்லாமல் இறங்கியது. முட்டிவரை. இடுப்புவரை. குனிந்து பார்த்தான். பயம்கூட இல்லை அந்த முகத்தில். ஆச்சரியம். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தான். புல் மூடிக்கொண்டது. கிழிசல் இல்லை. தையல் இல்லை. ஒட்ட வெட்டின பச்சைப் புல்.

கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

எங்கேயோ அடியாழத்தில் ஒரு பெரிய மிடறு இறங்குகிற சத்தம். கிரீனில் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் துளைகளின் வழியே இறங்கிப் போனது. மழை பெய்துகொண்டிருந்தது, விழ விழத் தரை குடித்தது. மேடில்லை, பள்ளமில்லை. ஏழாவது கிரீன் நல்ல வெயில் காலத்தில்கூட இவ்வளவு சமமாகக் கிடந்ததில்லை.

நகங்களால் பிராண்டினார். முள்ளை எடுத்தார். எங்கே குத்துவது? எங்கே குத்தினாலும் அவன். முள்ளை வீசினார். மண்ணில் காதை வைத்தார். கன்னத்துக்கு அடியில் தரை ஏறியது. இறங்கியது. ஏறியது.

"அத்தான்."

வெட்டி வைத்த வட்டக் குழிக்குள்ளிருந்து.

அதே குரல். முன்னே கூப்பிட்டதும் இதே குரல்தான். அப்போது அவன் மேலே கொட்டகையில் பூட்ஸ் தேடிக்கொண்டிருந்தான். அது அவருக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

"அத்தான், மூச்சு முட்டுது."

இருட்டாக, வட்டமாக, ஆவி விட்டுக்கொண்டு இருந்தது குழி. புல்லுக்காரர் சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

"இருக்கேன்டா கண்ணு" என்று சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டார். எத்தனையோ விரல்கள் வந்து பிடித்துக்கொண்டன.