துணிவீடு

துணியில் தீட்டிய கதவு இன்றைக்குச் சற்றே திறந்திருந்தது.

ஜெசிந்தா கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டாள். வெக்ஸ்போர்ட்டில் ஒரு கடையின் பேஸ்மென்ற். பழைய படச்சுருள்களை ஓடவிட்டு வீடியோவில் பதிந்து கொடுப்பது அவள் வேலை. இந்தச் சுருளைப் பலமுறை ஓட்டிவிட்டாள். பேசாப்படக் காலத்துப் பகிடிப்படம். ஒரு சினிமா ஸ்ரூடியோவுக்குள், நீண்ட ஏணியைத் தோளில் சுமந்த தடித்த பெயின்ரர் ஒருவன், திரும்பும்போதெல்லாம் யாரையாவது இடித்து விழுத்துவான். துரத்துகிறவர்களுக்குப் பயந்து, படப்பிடிப்புக்காகத் தொங்கவிட்ட துணிவீட்டின் கதவுப்பிடியை இழுப்பான். கையில் பெயின்ற்தான் ஒட்டும். அது வெறும் துணி. திறக்கிற கதவில்லை.

இப்போது அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு.

புரொஜெக்டரின் கடகடப்பு, சூடேறிய தூசியின் மணம், பழைய சுருள்களிலிருந்து எழும் வினாகிரிப் புளிப்பு, மேலே கடைக்குள் யாரோ ஈரச் சப்பாத்தோடு நடக்கும் ஓசை, எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. அதனால்தான் அந்தக் கோட்டைக் கண்மயக்கம் என்று தள்ளிவிட அவளால் முடியவில்லை. பெயின்ரர் ஓடவில்லை. கோட்டருகே குனிந்து, யாரையோ விளையாடக் கூப்பிடுகிறவன்போல் விரலை வளைத்து வளைத்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

கோடு அகன்றது. உள்ளே ஒரு அறை. பூப்போட்ட சோபா. சுவரில் மடுமாதா படம். நிலத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு ஒரு சின்ன உருவம்.

மல்வேர்னில் இருக்கும் வீடு. அவளுடைய வீடு.

மகன் சீமோனுக்கு ஐந்து வயது. அவள் வேலைக்குப் புறப்பட்ட பிறகும், கணவன் நீக்கிலாஸ் மிசிசாகாவிலிருந்து வேலை முடிந்து வருவதற்கு முன்னும், பிள்ளை தனியே இருக்கும் ஒரு இடைவெளி இருந்தது. யாருக்காவது தெரிந்தால் அரசாங்கத்து ஆட்கள் வந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று இரண்டு பேருக்கும் பயம். ஆர் தட்டினாலும் திறக்காதை என்று பழக்கியிருந்தாள். சுவருக்கு அப்பால் சத்தம் போகாமல் அவனை இருத்திவைக்க, சத்தமே இல்லாத படம் நல்லதென்று, இந்தப் படத்தையே ஒரு வீடியோக் கசற்றில் பதிந்து கொண்டுபோய்க் கொடுத்தவளும் அவள்தான்.

போனை எடுத்தாள். ஒருதரம் அடித்து வைத்துவிட்டு மறுபடி அடித்தால்தான் சீமோன் எடுப்பான். அடித்தாள். வைத்தாள். அடித்தாள்.

திரையில் அந்தச் சின்ன உருவம் எழுந்து போய்ப் போனை எடுத்தது.

"ஹலோ அம்மா."

"என்ன செய்யிறீங்கள் அப்பன்?"

"படம் பாக்கிறன். உந்த மாமா ரீவிக்குள்ளயிருந்து என்னைக் கூப்பிடுறார். ஹீ இஸ் சோ ஃபனி."

"ரீவியை நிப்பாட்டுங்கோ ராசா."

"நிப்பாட்டினனான். அவர் போறார் இல்லை."

ஏணியின் முனை அறைக்குள் நீண்டு சோபாவின்மேல் படிந்தது.

"சீமோன், கதவைத் திறந்துகொண்டு வெளியால ஓடுங்கோ."

"நீங்கள்தானே திறக்கக்கூடாது எண்டனீங்கள்."

"இப்ப நான்தான் சொல்லுறன். திற!"

"ப்ராமிஸ்? பிறகு அடிக்கமாட்டீங்களே?"

"அடிக்கமாட்டன். ஓடு!"

போன் விழும் சத்தம். காலடிகள். பூட்டுத் திருகும் சத்தம்.

திரையில் துணிக்கதவு முழுதாகத் திறந்தது. சீமோன் அதன்வழியாக ஸ்ரூடியோவுக்குள் ஓடிவந்தான். சப்பாத்தில்லாமல், மேஸ் மட்டும் போட்ட கால்கள். அவன் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மறுபடி வெறும் துணி.

ஸ்ரூடியோவில் இருந்தவர்கள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். கமராக்காரன் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினான்.

அடுத்து என்ன வரும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். வேலையாட்கள் கயிற்றை விடுவார்கள். துணிவீடு இறங்கும். கீழே நிற்பவனையும் சேர்த்துப் பாய்போலச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு முறையும் அவள் சிரித்த இடம்.

புரொஜெக்டரின் சுவிற்சில் கை வைத்தாள். அந்தப் பழைய மெஷினில் மோட்டர் நின்று சற்றுக் கழித்துத்தான் பல்பு அணையும். படம் அசையாமல் நின்றால் பல்பின் சூடு அதில் இறங்கும். நடுவில் பழுப்பாகும். கொப்பளிக்கும். ஓட்டை விழும். இந்த வேலையில் அவள் முதலில் கற்றது அதுதான். இப்போது நடுவில் சீமோன் நின்றான். பல்பை மட்டும் அணைத்தால், இருட்டில் படம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கையை எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள்.

கயிறு இளகியது. சீமோன் அண்ணாந்து பார்த்தான். சிரித்தான்.

துணி இறங்கியது. வேலையாட்கள் குனிந்தார்கள். சுருட்டினார்கள். ஒரு முனையில் மேஸ் போட்ட கால்கள் உதைத்தன. பிறகு அவையும் உள்ளே.

காதில் ஏதோ உரசியது.

"ஹலோ? ஜெசியே லைனில? போன் கீழ கிடந்தது. கதவு ஆவெண்டு திறந்து கிடக்குது. சீமோன் எங்கை?" நீக்கிலாஸின் குரல்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சுருள் முடிந்தது. படத்தின் வால் சக்கரத்தில் பட், பட் என்று அடித்தது. திரையில் வெறும் வெள்ளை வெளிச்சம்.

அந்த வெளிச்சத்துக்குள் அவர்கள் இன்னும் நடந்தார்கள். கிட்ட வந்தார்கள். இன்னும் கிட்ட. சுமையை இறக்கி, அவளுக்கு நேரே நிமிர்த்தி வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வணங்கிப் போனார்கள்.

"ஜெசி? ஏன் கதைக்கிறாய் இல்லை?"

சுருட்டிய துணி தனியே நின்றது. உள்ளிருந்து ஓரிடம் புடைத்தது. சின்ன உள்ளங்கை. விரித்த விரல்கள். அவள் பக்கமாக அழுத்தின.

அழுத்தியபடியே இருந்தன.