மழைக்கு ஒதுங்கிய எழுத்துகள்

"மிஸ்டர் பியூசாம்ப்..."

சீட்டில் எழுதியிருந்த பெயரைப் பார்த்து ரேணுகா கூப்பிட்டதும், தகரக் கூரையின் கீழ் ஒதுங்கி நின்ற இளைஞன் சிரித்துவிட்டான். தலைமுடியிலிருந்து மழை சொட்டியது. உதடு சிரிக்கும் முன்பே அவன் கண்கள் சிரித்தன. அவளுக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

மாமல்லபுரத்தில் அப்பா தாமோதரனின் கல் பட்டறைக்கு வரும் பெயர்ப்பலகைகளுக்கெல்லாம் எழுத்து வரைபவள் அவள். போதாததற்கு, மொழிபெயர்ப்பு நாவல்களிலேயே பாதி ஐரோப்பாவைச் சுற்றி வந்தவள். இதே பெயருள்ள கதாநாயகன் ஒருவனை 'பியூசாம்ப்' என்றே நெஞ்சில் வைத்து, பள்ளி நாளெல்லாம் உருகியிருக்கிறாள்...

"பீச்சம்ங்க. நோயல் பீச்சம்." செங்கல்பட்டில் ஆங்கிலோ இந்திய ரயில்வே குடும்பம். அவனும் ரயில் ஓட்டுகிறவன்தான். புது வீட்டு வாசலுக்குப் பலகை கேட்டு வந்திருந்தான்.

"பி, ஈ, ஏ, யு, சி, ஹெச், ஏ, எம், பி. இத்தினி எழுத்து கீது. பாதிய நீங்க முழுங்கிட்டா மீதியெல்லாம் இன்னா பண்ணுது?"

"மழைக்கு ஒதுங்கினு கீது. என்னை மாதிரி."

ரேணுகா சட்டென்று குனிந்து பென்சிலைத் தேடினாள். பென்சில் கையில்தான் இருந்தது.

"பிரான்ஸ்லேர்ந்து இங்கிலாந்துக்குப் போன பேருங்க. அழகான வயல்னு அர்த்தம். எழுத்து பிரெஞ்சுக்காரனுது, வாய் இங்கிலீஷ்காரனுது... ஆளு மட்டும் செங்கல்பட்டு."

"கருங்குழில எங்களுக்கு நெசமாவே வயல் கீது. அத்த பேருல ஒட்டிக்கினா திரியறோம்?"

அவன் மறுபடி சிரித்தான். போகும்போது சொன்னான்: "பேருக்குக் கீழ கொஞ்சம் எடம் வுடுங்க."

அதன்பிறகு எழுத்து சாய்வாக இருக்கட்டுமா என்று கேட்க ஒருநாள் வந்தான். ஓரத்தில் கொடி வேண்டாமே என்று சொல்ல இன்னொரு நாள். கல்லின் நிறத்தை வெயிலில் பார்க்கவென்று, வெயிலே இல்லாத ஒருநாளும் வந்தான். அவன் பைக் சத்தம் ரேணுகாவுக்குப் பழகிப்போனது. வராத நாளில் பட்டறையின் உளிச்சத்தம் காதைக் குடைந்தது...

ஆனால் அந்த வெற்றிடம்.

கல்யாணம் நிச்சயமாகப் போகிற மாப்பிள்ளைகள்தான் பெயருக்குக் கீழே இடம் விடச் சொல்வார்கள். நிச்சயம் முடிந்ததும் பெண்ணின் பெயரை வெட்டச் சொல்லி வருவார்கள். பட்டறையில் எத்தனையோ பலகைகளுக்கு அவளே அப்படி வரைந்து கொடுத்திருக்கிறாள். எவளோ ஒருத்திக்காக ஒதுக்கிய இடம்... அதைத் தன் கையாலேயே அளந்து விட்டிருக்கிறாளே! ரேணுகா பேச்சைக் குறைத்தாள். அவன் வந்தால் உள்ளே போய்விட்டாள்.

பலகை தயாரான அன்று மழை பிடித்துக்கொண்டது. அப்பா திருவிடந்தைக்குப் போயிருந்தார். நோயல் நனைந்தபடி வந்து கல்லைத் தடவிப் பார்த்தான்.

"கீழ எழுத வேண்டிய பேரைச் சொல்லுங்க. வரைஞ்சு குடுத்துடறேன்," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"அது... வரையறவங்களுக்கே தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கு எப்டிங்க தெரியும், உங்களுக்குப் பாத்து வெச்சிருக்கற பொண்ணு பேரு?"

"யாரும் பாக்கல. நானே பாத்தேன். இதே கூரைக்குக் கீழ." எத்தனையோ ரயில்களை நடுங்காமல் நிறுத்தியவனின் குரல் நடுங்கியது. "அன்னிக்கி திட்டினீங்கல்ல... அப்பவே எடம் வுடச் சொல்லிட்டேன் ரேணுகா. உங்களுக்குத்தான். வேணாம்னா காலியாவே மாட்டிக்கிறேன்."

மழை தகரத்தில் கொட்டியது. ரேணுகா நிமிர்ந்தாள். அவன் கண்கள் இப்போது சிரிக்கவில்லை... காத்திருந்தன.

"எங்கப்பாவாண்ட நான் பேசிக்கிறேன். நீங்க வந்து நின்னா போதும்."

சாக்பீஸை எடுத்தாள். வெற்றிடத்தின் நடுவில் நிதானமாக எழுதினாள்: தா. ரேணுகா.

"இனிஷியல் மாறாது."

"மாத்தச் சொல்ல மாட்டேன்."

"ஒரு எழுத்தும் முழுங்கக் கூடாது. படிங்க."

நோயல் கல்லருகே மண்டியிட்டான். ஒவ்வொரு எழுத்தாக, எதையும் விடாமல் படித்தான். அவள், "இன்னொரு வாட்டி," என்றாள்.