ஒரு நாள் படிவு

2063 மார்ச் 12 அன்று மடிப்பாக்கத்தில் நிலத்தடி நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 2,400 மில்லிகிராம் என்று பதிவானது.

அன்று காலை பத்து மணிக்கு, மறுகுடியமர்வு வாரியத்தின் கணக்கெடுப்பாளர் பெனடிக்ட் மூன்றாம் மாடியில் தன்ஷிகாவின் 3பி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். நிலத்தடியில் கடல்நீர் புகுந்துவிட்ட அந்தப் பகுதியைச் செப்டம்பரில் மூடப்போகிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தவர்களுக்கு மட்டும் திருவண்ணாமலைக்கு அப்பால் மேட்டு நிலத்தில் வீடு. தன்ஷிகாவும் அவள் கணவன் ரித்தீஷும் பதினேழு ஆண்டுகளாக அங்கே வாடகைக்கு இருந்தார்கள். போவதற்கு வேறு இடம் இல்லை.

"வாங்க சார். அக்ரிமென்ட், கரண்ட் பில்லு எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன்."

"பேப்பர் வேணாம் மேடம். எந்தப் பேப்பரா இருந்தாலும் இப்ப ஒரு நிமிஷத்துல மிஷினே செஞ்சு குடுத்துடுது. பாத்ரூம் எங்க?"

அவர் பையிலிருந்து எடுத்தது படிவுமானி. போர் தண்ணீர் ஓடும் ஷவரின் துளைகளில் சுண்ணாம்பு நாள்தோறும் படிகிறது. கோடையில் தடித்த அடுக்கு, மழைக்காலத்தில் மெல்லியது. மரத்தின் வளையங்களைப் போல அவற்றை எண்ணி, அந்த வீட்டில் எத்தனை ஆண்டுகள் ஆட்கள் குளித்தார்கள் என்று கருவி சொல்லிவிடும். பொய் சொல்லத் தெரியாத சாட்சி என்று வாரியம் இதைத் தேர்ந்தெடுத்திருந்தது. யாரும் முன்கூட்டியே கைவைத்துவிடக் கூடாதென்று அந்தக் காலைவரை ரகசியமாகவும் வைத்திருந்தது.

ஷவரில் முகம் தெரிந்தது. பெனடிக்ட் கருவியை இரண்டு முறை வைத்துப் பார்த்தார்.

"ஒரு நாள், ஆறு மணி நேரம்னு காட்டுது."

"நேத்துதான் சார் லெமன் சால்ட் தண்ணில ஊறப் போட்டு, ஊசியால ஒவ்வொரு ஓட்டையா குத்தி எடுத்தேன்," என்றாள் தன்ஷிகா பெருமையாக.

"எதுக்கு மேடம் செஞ்சீங்க?"

"நீங்க வர்றீங்கன்னுதான். வீட்டுக்கு ஆள் வந்தா க்ளீன் பண்ண மாட்டாங்களா?"

சமையலறைக் குழாயையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஹீட்டர் போன ஆண்டு வாங்கியது.

எதிர்வீட்டு கிஷோர் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, பாத்ரூமுக்குள்ள ஆபீஸ் நடக்குது?"

அவன் வீட்டு ஷவரில் மூன்றே மூன்று நூலாகத் தண்ணீர் வரும். கருவி அதில் பத்தொன்பது ஆண்டுகள் காட்டியது.

"என் பொண்டாட்டி கோச்சிக்கிட்டுப் போனதே இந்த ஷவராலதான் சார். இப்ப அதுக்கு வீடு குடுக்கறீங்க!" சிரித்தவன், தன்ஷிகாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "சார், நான் வந்து ரெண்டு வருஷம் கழிச்சு இவங்க வந்தாங்க. அக்கா மோட்டார் போடற சத்தத்துலதான் டெய்லி எந்திரிக்கிறேன். எழுதிக்குங்க."

பெனடிக்ட் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரே ஒரு கட்டம் இருந்தது, எண்ணுக்கு.

"என் ஷவரைக் கழட்டி இங்க மாட்டிட்டா?"

"உங்களுது பதிவாயிடுச்சு சார். ரெண்டு வீட்டுல காட்டினா உங்க வீடும் போயிடும்."

பெனடிக்ட் செருப்பைப் போட்டுக்கொண்டார். "சாரி மேடம்," என்றார்.

செய்தி பரவியது. அடுத்த கட்டக் கணக்கெடுப்புக்குக் காத்திருந்த வேளச்சேரியில் யாரும் ஷவரைத் தொடவில்லை. துணி சுற்றிப் பாதுகாத்துவிட்டு வாளியில் மொண்டு குளித்தார்கள். தண்ணீர் ஓடாததால் படிவு நின்றுபோனது. அந்த வீடுகளைக் கருவி கைவிடப்பட்டவை என்றது.

மே மாதம் தன்ஷிகாவும் ரித்தீஷும் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார்.

"மறுபடி படியட்டும்மா. பத்து வருஷ அடுக்கு சேர்ந்ததும் வந்து மனு குடுங்க."

"செப்டம்பர்ல தண்ணியவே நிறுத்தறீங்களே மேடம். எதுல படியும்?" என்றான் ரித்தீஷ்.

"அது வேற டிபார்ட்மென்ட் சார்."

வீட்டுக்கு வந்ததும் தன்ஷிகா ஷவரை முழுதாகத் திறந்துவிட்டு அதன் கீழே நின்றாள். எல்லாத் துளைகளிலும் தண்ணீர் நன்றாக வந்தது.

செப்டம்பர் 30 அன்று மோட்டாருக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டது. வாரியத்தின் பேருந்தில் அந்தக் கட்டடத்திலிருந்து பதினொரு குடும்பங்கள் ஏறின. பட்டியலில் 3பி, காலி வீடு. பேருந்து பதினொன்றரைக்குப் புறப்பட்டது.